கேட்கத் தெரிந்த விசுவாசம்



இவ்வாரத் தியானத்தை வாசிப்பதற்கு முன்பாக, ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் முதல் அதிகாரத்தையும், இரண்டாம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களையும் ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ‘கேள்’ என்னும் வினைச்சொல் மூன்று பொருள்களைச் சுமந்து நிற்கிறது. பிறர் சொல்வதைச் செவியில் வாங்குவது கேட்டல். அறியாததை வினவுவதும் கேட்டல். இல்லாததைக் கையேந்தி வேண்டுவதும் கேட்டல். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்திற்குக் ‘கேள்வி’ என்று பெயர். அறிந்தோர் சொல்லுக்குச் செவிகொடுத்தலை அது குறிக்கிறது. நம் தலைமுறைகள் வாசித்துவரும் பழைய தமிழ் வேதாகமத்திலும், விசுவாசம் எவ்வழியாய் வருகிறது என்று பவுல் சொல்லுகிற ரோமர் 10:17இல் இந்தக் ‘கேள்வி’ என்னும் சொல்லே இடம்பெற்றிருக்கிறது. அங்கும் அதன் பொருள் செவியால் கேட்டல்தான். ஆனால் இன்றைய வழக்கில் கேள்வி என்றால் வினா என்றே நம் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் அந்த வசனத்தை வாசித்து, விசுவாசம் வினவுவதினால் வருகிறது என்று பொருள் கொண்டால், மொழியறிவில் அவன் தவறியிருப்பான். விசுவாச வாழ்வைப் பொறுத்தமட்டில் அவன் உண்மைக்கு வெகு தொலைவில் இல்லை என்றே நான் கருதுகிறேன். தேவனிடத்தில் வினவுகிறவனே அவர் சொல்வதைக் கவனமாய்ச் செவிமடுக்கிறான். செவிமடுத்தவனே எதை வேண்டிக்கொள்வது என்று அறிகிறான். இந்த மூன்று கேட்டல்களில் ஒன்றை நாம் அடைத்துவிட்டால், மற்ற இரண்டும் மெல்ல மெல்ல வறண்டுபோகும்.

கேள்வி எவ்வாறு குற்றமாயிற்று?

நம் சபைகள் பலவற்றில் கேள்வி ஓர் அச்சத்தை உண்டாக்குகிறது. ஓய்வுநாள் பள்ளியில் ஒரு சிறுவன், கானான் தேசத்துக் குழந்தைகளும் ஏன் அழிக்கப்பட வேண்டியிருந்தது என்று கேட்கிறான். கல்லூரியில் பயிலும் மகள், நற்குணமுள்ள தன் இந்துத் தோழியின் நித்தியத்தைக் குறித்துக் கேட்கிறாள். அறிவியல் படித்த இளைஞன், ஆதியாகமத்தின் ஆறு நாட்களை எவ்வாறு வாசிப்பது என்று கேட்கிறான். நோயில் மகனைப் பறிகொடுத்த தாய், சபை முழுவதும் உபவாசித்து ஜெபித்தும் தேவன் ஏன் மௌனமாயிருந்தார் என்று கேட்கிறாள். இவர்களுக்கு வழக்கமாய்க் கிடைக்கும் மறுமொழிகளை நாம் அறிவோம். அதிகம் யோசிக்காதே, அப்படியே விசுவாசி, இப்படிப்பட்ட எண்ணங்கள் பிசாசினால் வருகின்றன, உன் ஜெப வாழ்க்கை குறைந்துபோயிற்று. இவற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். பிள்ளையின் விசுவாசம் உடைந்துவிடுமோ என்னும் பயமே அவர்களை அப்படிப் பேசவைக்கிறது.

ஆனால் அதன் விளைவு என்ன? அதட்டப்பட்ட பிள்ளை கேள்வியை விட்டுவிடுவதில்லை. நம்மிடம் கேட்பதை மட்டும் விட்டுவிடுகிறது. பத்து வயதில் வாயடைக்கப்பட்ட அதே கேள்வி இருபது வயதில் நள்ளிரவில் கைபேசியில் தேடப்படுகிறது. அங்கே விடை சொல்பவர்களுக்கு அந்தப் பிள்ளையின் பெயரும் தெரியாது, அதன் கண்ணீரும் தெரியாது. பின்பு அந்த இளைஞன் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் உயிர்த்தெழுதலின் ஆராதனைக்கும் மட்டும் வருகிறவனாகிறான். சில ஆண்டுகளில் அதுவும் நின்றுபோகிறது. நாமோ, படிப்பு அவனைக் கெடுத்துவிட்டது என்று பேசிக்கொள்கிறோம். கேள்வி கேட்டதனால் விசுவாசத்தை இழந்தவர்கள் சிலர் இருக்கலாம். கேட்பதற்கு ஓர் இடமில்லாமல் விலகிப்போனவர்களின் வெற்றிடங்களை நம் சபைகளின் இருக்கைகளில் ஒவ்வொரு ஞாயிறும் காண்கிறோம்.

பிள்ளைகள் கேட்கும்படி வைக்கப்பட்ட கற்கள்

இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபின், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டும்படி கர்த்தர் கட்டளையிட்டார். யோசுவா 4ஆம் அதிகாரம் அந்தக் கற்களின் நோக்கத்தைச் சொல்கிறது. பின்வரும் காலத்தில் பிள்ளைகள் அவற்றைக் கண்டு, இவை என்னவென்று தங்கள் தகப்பன்மாரைக் கேட்பார்கள். அப்பொழுது கர்த்தர் செய்ததை எடுத்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் ஆவலைத் தூண்டும்படியாகவே தேவன் அவற்றை அங்கே வைத்தார்.

பஸ்கா பண்டிகையிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். யாத்திராகமம் 12:26 பிள்ளைகள் இந்த ஆராதனையின் கருத்தைக் கேட்கும் நாளை எதிர்நோக்குகிறது. உபாகமம் 6:20இல், கட்டளைகளும் நியமங்களும் எதற்காக என்று மகன் கேட்கும்போது தகப்பன் சொல்லவேண்டிய மறுமொழி எழுதப்பட்டிருக்கிறது. அம்மறுமொழி ஓர் அதட்டலாய்த் தொடங்கவில்லை. எகிப்தில் தாங்கள் அடிமைகளாயிருந்த கதையிலிருந்து தொடங்குகிறது. மகனுடைய வினா தகப்பனுடைய சாட்சியை வெளியே கொண்டுவருகிறது. யூதக் குடும்பங்களில் இன்றும் பஸ்கா இரவின் விருந்து, வழக்கமாக இளைய பிள்ளை கேட்கும் கேள்விகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

நம் ஆண்டவருடைய இளம்பருவத்தைக் குறித்துச் சுவிசேஷங்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. பன்னிரண்டு வயதில் நடந்த ஒரே ஒரு நிகழ்வை லூக்கா பதிவு செய்திருக்கிறார். அங்கே அவர் எருசலேம் தேவாலயத்தில் போதகர்களின் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைச் செவிமடுக்கிறவராகவும் அவர்களை வினவுகிறவராகவும் இருந்தார் என்று 2:46 கூறுகிறது. நான் முன்பு சொன்ன இரண்டு கேட்டல்களும் அந்த ஒரே வசனத்தில் இணைந்திருப்பதைக் கவனியுங்கள். தேவகுமாரன் ஒரு பிள்ளையாய்த் தம் பிதாவின் வீட்டில் கேள்வி கேட்டார் என்றால், அதே வீட்டில் நம் பிள்ளைகளுக்கு அந்த உரிமையை மறுக்க நாம் யார்?

வினாவும் விடையும் புத்தகத்தினுடையதாய் இருந்தால்

திருச்சபையின் வரலாறும் வினாக்களின்மேல் கட்டப்பட்டதே. பதினோராம் நூற்றாண்டில் ஆன்செல்ம் எழுதிய புகழ்பெற்ற நூலுக்கு அவர் முதலில் வைத்த தலைப்பின் கருத்தே, விசுவாசம் விளங்கிக்கொள்ள நாடுகிறது என்பதாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலை வினாக்களாகவே பிரித்தார். ஒவ்வொரு பொருளிலும் தம் கருத்துக்கு எதிரான வாதங்களை முதலில் எழுதி, அதன்பின்னரே தம் விடையைச் சொன்னார். 1529இல் மார்ட்டின் லுத்தர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், ஒவ்வொரு கட்டளையின் கீழும், விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியின் கீழும் இதன் பொருள் என்னவென்று கேட்கிறது. 1563இல் வெளிவந்த ஹைடெல்பெர்க் ஞானோபதேசத்தில் 129 வினாக்கள் உள்ளன. அதன் முதல் வினா, வாழ்விலும் சாவிலும் நமக்குள்ள ஒரே ஆறுதல் எது என்பதைப் பற்றியது. மரணப் படுக்கையில் கிடப்பவனும் கேட்கக்கூடிய வினாவை ஒரு சிறுவனின் பாடப்புத்தகத்தில் முதலாவதாக வைத்த அந்த ஞானத்தை நினைத்து நான் வியக்கிறேன்.

லுத்தரின் அந்தச் சிறிய ஞானோபதேசத்தைச் சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்தார். அதிலிருந்து இன்றுவரை நம் திடப்படுத்தல் வகுப்புகளில் வினாவிடை முறை தொடர்கிறது. அது நல்ல முறை. மனப்பாடம் செய்த சத்தியம், வேறொன்றும் நினைவுக்கு வராத மருத்துவமனை இரவுகளில் நம்மைத் தாங்குகிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்வதுபோலவே வினாவையும் மனப்பாடம் செய்கிறார்கள். வினாவைப் புத்தகம் கேட்கிறது, விடையையும் புத்தகமே சொல்கிறது, பிள்ளையின் நாவு அவ்விரண்டிற்கும் இடையே ஒரு பாதையாக மட்டும் இருக்கிறது. வார்த்தைகளை மனதில் பதித்தபின் அவற்றின் கருத்தையும் விளங்கும்படி கற்பிக்க வேண்டும் என்று லுத்தர் தம் முன்னுரையில் வற்புறுத்தியிருந்தார். நாம் முதற்பாதியைக் கைக்கொண்டு, மறுபாதியை விட்டுவிட்டோம்.

சீகன்பால்குவிடம் நாம் கற்றுக்கொள்ள வேறொன்றும் இருக்கிறது. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கிய அவர், உபதேசிக்க வந்தவர். ஆனால் தமிழ் கற்பதற்காகச் சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். பின்னர் 1712க்கும் 1714க்கும் இடைப்பட்ட காலத்தில், அவரும் அவருடைய உடன் ஊழியரான கிரண்ட்லரும் தமிழ் அறிஞர்களுக்குக் கடிதங்கள் எழுதி, அவர்களுடைய சமயம், வாழ்க்கை, வழக்கங்கள் ஆகியவற்றைக் குறித்து வினவினார்கள். வந்த மறுமொழிகளில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் 1714, 1717 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியாயின. தமிழர் கிறிஸ்தவ மார்க்கத்தை ஏற்கத் தயங்குவது ஏன் என்றும் அவர்கள் கேட்டார்கள். ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் ஒழுக்கக்கேட்டைச் சுட்டிக்காட்டிய விடைகள் வந்தன. அவற்றை அவர்கள் மறைத்துவிடாமல் அனுப்பி வைத்தார்கள். தங்கள் நெஞ்சைக் குத்தும் விடை வரக்கூடும் என்று அறிந்தும் வினவத் துணிகிற ஊழியம் எவ்வளவு தாழ்மையுள்ளது! பிறசமயத்தாரிடம் கேட்டு எழுதிய ஊழியர்களின் வழிவந்த நாம், சொந்தச் சபையின் வாலிபர் கேட்கும்போது முகம் சுளிக்கலாமா?

சபையை அசைக்கும் கேள்விகள்

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் பேச வேண்டும். நாம் அடக்கும் கேள்விகள் எல்லாம் விசுவாசத்தைக் காப்பாற்றுவதற்காக அடக்கப்படுபவை அல்ல. சிலவற்றை நம் வசதியைக் காப்பாற்றுவதற்காக அடக்குகிறோம். ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம் கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் சாதியால் பிரிந்திருப்பது ஏன் என்று ஓர் இளைஞன் கேட்கிறான். சபைத் தேர்தலில் பணம் எதற்கு என்று கேட்கிறான். காணிக்கைக் கணக்கு ஏன் வாசிக்கப்படவில்லை என்று கேட்கிறான். அவனுக்கும் அடங்கியிருக்கும்படி, குறை கூறாதிருக்கும்படி உபதேசிக்கப்படுகிறது. தேவனைப் பற்றிய கேள்விக்கும் நம்மைப் பற்றிய கேள்விக்கும் ஒரே பூட்டை மாட்டிவிடுகிறோம்.

ஆதித் திருச்சபை அவ்வாறு செய்யவில்லை. அன்றாட உதவியில் தங்கள் விதவைகள் விடப்படுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய சீஷர்கள் முறையிட்டபோது, அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கண்டிக்காமல் ஏழுபேரைத் தெரிந்துகொள்ளச் செய்தார்கள் என்று அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. புறஜாதியார் விருத்தசேதனம் பெறவேண்டுமோ என்னும் பிரச்சினையில் எருசலேமில் நீண்ட விவாதம் நடந்தது. அதன் பின்னரே பேதுரு எழுந்து பேசினார் என்று 15ஆம் அதிகாரம் காட்டுகிறது. அன்று அந்த விவாதம் வாயடைக்கப்பட்டிருந்தால், யூதரல்லாத நாம் இன்று சபையில் எந்த நிலையில் இருந்திருப்போமோ! கேள்வியினால் சபை பிளவுபடும் என்று அஞ்சுகிறோம். அன்றோ, கேள்வியை எதிர்கொண்ட விதத்தினால் சபை விரிவடைந்தது.

துக்கத்தில் எழும் ‘ஏன்’

கேள்விகளிலெல்லாம் கடினமானது துயரத்தின் கேள்வி. ஆபகூக் தன் புத்தகத்தைக் கேள்வியோடுதான் தொடங்குகிறான். கொடுமையைக் கண்டு கூப்பிட்டும் கர்த்தர் எதுவரைக்கும் கேளாதிருப்பார் என்று முறையிடுகிறான். விடை வருகிறது, அவ்விடை அவனை இன்னும் கலங்கச் செய்கிறது. தம் ஜனத்தைத் திருத்தத் தேவன் அவர்களைவிடக் கொடியவர்களான கல்தேயரையா பயன்படுத்துவார் என்று மறுபடியும் வாதிடுகிறான். அதன்பின் அவன் செய்வதுதான் நம் கவனத்துக்குரியது. இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், காவற்கோபுரத்தில் ஏறி, தேவன் என்ன சொல்லப்போகிறார் என்று பார்க்கக் காத்து நிற்கிறான். நீதிமான் விசுவாசத்தினால் பிழைப்பான் என்னும் சத்தியம், பவுலும் லுத்தரும் தங்கள் வாழ்வையே ஊன்றிய அந்தச் சத்தியம், இவ்வாறு கேட்டுவிட்டுக் காத்து நின்ற ஒரு மனிதனுக்கே வெளிப்பட்டது.

யோபுவின் சரித்திரமும் இதையே சொல்கிறது. அவனுடைய நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்ததில் மிக நல்ல காரியம் அதுவே. வாயைத் திறந்தபின் தேவனுக்காக வழக்கறிஞர்களாகி, எல்லாவற்றுக்கும் விடை சொன்னார்கள். யோபுவோ தேவனையே வழக்குக்கு அழைத்தான். முடிவில் 42:7இல் கர்த்தர், தம்மைக் குறித்துச் சரியாய்ப் பேசியவன் யோபுதான், நண்பர்கள் அல்லர் என்று தீர்ப்பளிக்கிறார். துன்பத்தின் காரணம் யோபுவுக்குக் கடைசிவரை தெரிவிக்கப்படவில்லை என்பதையும் மறவாதீர்கள். பரலோகத்தில் நடந்த உரையாடலை வாசகராகிய நாம் அறிவோம், அவன் அறியான். ஆனால் அதுவரை காதால் கேள்விப்பட்டிருந்த தேவனைக் கண்ணால் கண்டதுபோல் அறிந்துகொண்டான். அவனுக்கு விளக்கம் கிடைக்கவில்லை, தேவன் கிடைத்தார்.

எல்லாக் கேள்விகளுக்கும் மேலாகச் சிலுவையில் எழுந்த கேள்வி நிற்கிறது. தம்மைக் கைவிட்டது ஏன் என்று குமாரன் பிதாவை நோக்கிக் கேட்டார். சங்கீதம் 22இன் தொடக்கத்தை உரத்த சத்தமாய்த் தம் உதடுகளில் எடுத்துக்கொண்டார். அந்நேரத்தில் வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. விடை மூன்றாம் நாளில், கல்லறையில் வந்தது. ஆகையால் மகனை இழந்த அந்தத் தாய் ‘ஏன்’ என்று கதறும்போது அவள் விசுவாசத்திலிருந்து விழுந்துவிடவில்லை. அவள் சிலுவையின் அருகில் நிற்கிறாள். அவளிடத்தில் நாம் செய்யக்கூடியது, ஏழு நாளானாலும் தரையில் உடன் உட்கார்ந்திருப்பதே.

எல்லாக் கேள்வியும் ஒன்றல்ல

இங்கே ஒருவர் மறுத்துச் சொல்லக்கூடும்: ஏதேன் தோட்டத்தில் பாவம் ஒரு கேள்வியோடுதானே நுழைந்தது? சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்று யாக்கோபு எழுதவில்லையா? இந்த மறுப்பு நியாயமானது. இதை இலேசாய்த் தள்ளிவிடக் கூடாது.

ஏதேனில் சர்ப்பம் கேட்டது தேவனைப் பற்றிய கேள்வி. அவரிடம் கேட்ட கேள்வி அன்று. அவர் சொன்னதைத் திரித்து, அவர் இல்லாதவர்போல் அவரைக் குறித்துப் பேசியது. அந்தக் கேள்வியோடு தேவனிடத்திற்கே போயிருந்தால் ஏவாள் பிழைத்திருப்பாள். பிலாத்துவும் ஒரு பெரிய கேள்வியைக் கேட்டான். சத்தியம் எது என்று சத்தியமானவரின் முகத்தைப் பார்த்தே கேட்டான். ஆனால் விடைக்குக் காத்திராமல் வெளியே போய்விட்டான். கடைசி இராப்போசனத்தில் சீஷர் ஒவ்வொருவரும், காட்டிக்கொடுப்பவன் தான்தானோ என்று துக்கத்தோடு கேட்டார்கள். யூதாசும் அதையே கேட்டான். விடையை அறிந்திருந்தே, தன்னை மறைத்துக்கொள்வதற்காகக் கேட்டான். ஒரே வார்த்தைகள், வெவ்வேறு இருதயங்கள்.

லூக்கா முதல் அதிகாரத்தில் சகரியாவும் மரியாளும் காபிரியேல் தூதனிடம் கேட்டவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாக்கை நம்புவதற்கு முன் தனக்கு ஓர் உறுதி வேண்டும் என்பது சகரியாவின் கேள்வி. அந்த வாக்கு தன்னிடத்தில் எப்படி நிறைவேறும் என்பது மரியாளின் கேள்வி. மரியாளுக்கு விளக்கம் கிடைத்தது. அவள் தன்னை ஒப்புக்கொடுத்தாள். சகரியா சில மாதங்கள் பேச்சற்றிருந்தான். ஆயினும் அவனுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு பறிக்கப்படவில்லை. மீண்டும் திறந்த அவன் வாயிலிருந்து துதியே வந்தது. தவறாய்க் கேட்டவனையும் தேவன் தள்ளிவிடவில்லை.

யாக்கோபின் வசனத்தை வாசிக்கும்போது அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்றும், கேட்கிறவனை அவர் கடிந்துகொள்வதில்லை என்றும் 1:5 உணர்த்துகிறது. யாக்கோபு கண்டிக்கும் சந்தேகம் பாதி மனதைத் தேவனிடத்திலும் பாதி மனதை வேறிடத்திலும் வைத்திருக்கும் இருமனமே. தேவன் கடிந்துகொள்ளாத ஒருவனை நாம் ஏன் கடிந்துகொள்கிறோம்?

ஆகவே ஒரு கேள்வி விசுவாசத்தின் கேள்வியா என்று அறிய அதன் கடுமையைப் பார்க்க வேண்டாம். யோபுவின் கேள்விகளைவிடக் கடுமையானவை அரிது. அது யாரை நோக்கிக் கேட்கப்படுகிறது, விடைக்குக் காத்திருக்கிறதா, விடை வந்தால் அதற்குக் கீழ்ப்படிய மனமுண்டா என்பவற்றையே பார்க்க வேண்டும். ஆனால் சகோதரரே, இந்த அளவுகோலை ஒவ்வொருவரும் தன்மேல் வைத்துக்கொள்வதற்காகவே கூறுகிறேன். மற்றவர்களின் வாயை அடைக்க இதைப் பயன்படுத்தாதிருங்கள். ஒரு வாலிபனின் கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை இருதயங்களை ஆராய்கிறவர் அறிவார்.

எட்டு நாள் இடம் கொடுத்த அறை

தோமாவுக்குச் ‘சந்தேகத் தோமா’ என்று பெயர் வைத்துவிட்டோம். பெத்தானியாவுக்குப் போக மற்றவர்கள் தயங்கியபோது, ஆண்டவரோடு மரிக்கவும் ஆயத்தமாயிருந்தவன் அவன். போகிற இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று யோவான் 14:5இல் அவன் கேட்டிராவிட்டால், தாமே வழியும் சத்தியமும் ஜீவனும் என்று இயேசு தந்த அந்த வெளிப்பாடு நம் கைக்கு வந்திருக்குமோ? உயிர்த்தெழுந்தவரைத் தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்று சொன்னபின்பும், எட்டு நாள் கழித்து அதே அறையில் அவன் மற்றச் சீஷர்களோடு இருந்தான். இதை நாம் அடிக்கடி கவனிக்கத் தவறுகிறோம். ஆண்டவரைக் கண்ட பத்துப்பேர், காணாத அவனைத் துரத்திவிடவில்லை. அவனும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. கேள்வியோடு இருந்த ஒருவனுக்குச் சபை எட்டு நாள் இடம் கொடுத்தது. அந்த இடத்தில்தான் ஆண்டவர் வந்து அவனைச் சந்தித்தார். அவன் வாயிலிருந்து வந்த அறிக்கையோ, யோவான் சுவிசேஷத்தில் இயேசுவைக் குறித்துச் சீஷர்கள் சொன்ன அறிக்கைகளிலெல்லாம் உயர்ந்தது. மயிலாப்பூர் வரை வந்து சுவிசேஷம் அறிவித்து, இம்மண்ணில் இரத்தசாட்சியாய் மரித்தவன் என்று நம் முன்னோர் மரபு போற்றுவதும் இந்தத் தோமாவையே.

நம் சபை அந்த அறையைப்போல் ஆகவேண்டுமானால் சில எளிய காரியங்களைத் தொடங்கலாம். திடப்படுத்தல் வகுப்பில், புத்தகத்தின் வினாக்களோடு ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்த வினா ஒன்றை எழுதட்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. அவற்றை ஒவ்வொரு வாரமும் எடுத்துச் சேர்ந்து ஆராய்வோம். வேதபாட வகுப்பின் கடைசிக் கால்மணி நேரத்தைக் கேட்போருக்கென்று ஒதுக்குவோம். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லப் போதகர்களாகிய எங்களுக்கு மனம் வரவேண்டும். அதனால் பிரசங்கபீடத்தின் மதிப்பு குறையாது. தேவன் நம் அறிவைவிடப் பெரியவர் என்பதற்கு அது சாட்சியாகும். பெற்றோரே, உங்கள் பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், நாம் இருவரும் சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லக் கேட்ட பிள்ளை அந்த வார்த்தையை நெடுநாள் மறப்பதில்லை. துக்க வீட்டிற்குப் போகும் மூப்பர்களே, விடைகளை வாசற்படியிலேயே வைத்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.

கேள்விகளோடு இவ்வலைப்பூவை வாசித்துக்கொண்டிருக்கும் வாலிப மகனே, மகளே, உனக்கும் ஒரு வார்த்தை. உன் கேள்வியை வெளியே மட்டும் சொல்லிக்கொண்டிராதே. முழங்காற்படியிட்டு அவரிடமே சொல். ஆபகூக்கைப்போல் கேட்டுவிட்டுக் காத்து நில். நிக்கொதேமு ஒரு கேள்வியோடு இரவில் வந்தான். அன்றிரவே எல்லாம் அவனுக்கு விளங்கிவிடவில்லை. பின்னொரு நாள் ஆலோசனைச் சங்கத்தில், ஒருவனை விசாரியாமல் தீர்க்கலாமா என்று இயேசுவுக்காகத் தனியாய்ப் பேசினான். முடிவில், சீஷர்கள் ஓடிப்போன நாளில், நூறு இராத்தல் வாசனைத் திரவியத்தோடு சிலுவையண்டையில் வந்து நின்றான். ஒரு கேள்வி முதிர்ந்து கனிய இத்தனை காலம் ஆகலாம்.

இன்னொன்றுக்கும் ஆயத்தமாயிரு. கேட்கிறவர்களை அவரும் கேட்கிறார். ஒளிந்துகொண்ட ஆதாமை, எங்கேயிருக்கிறாய் என்று தேடிக் கேட்டவர் அவர். செசரியா பிலிப்புவின் வழியிலே, தம்மை யாரென்று சொல்கிறீர்கள் என்று சீஷர்களைக் கேட்டவரும் அவரே. நீ எத்தனை கேள்வி கேட்டாலும் அவர் பொறுமையாய்ச் செவிகொடுப்பார். ஆனால் ஒரு நாள் அவர் உன்னிடம் கேட்பார். அந்தக் கேள்விக்கு உனக்காக வேறொருவர் விடை சொல்ல முடியாது.

ஜெபிப்போம்: எங்கள் பரமபிதாவே, எங்கள் கேள்விகளை உமது பாதத்தண்டையில் கொண்டுவருகிறோம். பதில் தாமதிக்கும்போது காத்திருக்கும் பொறுமையையும், பதில் வரும்போது கீழ்ப்படியும் மனதையும் தாரும். கேட்கிற பிள்ளைகளுக்கு எங்கள் வீடுகளிலும் சபையிலும் இடம் உண்டாயிருக்கச் செய்யும். கண்ணீரோடு கேட்கிறவர்களின் அருகில் நீரே உட்காரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.